1964-க்கு முந்திய வின்செஸ்டர் மாடல் 70 துப்பாக்கி: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு எழுபதுகளில் வந்ததை வாங்குவதா?

ஏலக்காட்டான் (வண்டன்மேடு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கம்பத்தில்; ஏலத்தோட்டம் மலைமேல், வண்டன்மேட்டுக்கு அருகில். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதால் ஆண்டில் பாதி நாள்கள் கேரளத்தில்தான் கழிகின்றன. தாத்தா, ஊருக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேயத் தோட்ட மேலாளரிடமிருந்து முறைப்படி வாங்கிய, .30-06 என்ற அளவுத் தோட்டாவைச் சுடும் அமெரிக்க வின்செஸ்டர் மாடல் 70 வேட்டைத் துப்பாக்கி, அவர் காலமான பிறகு பல ஆண்டுகள் டீலரிடம் வைப்பில் கிடந்து, சென்ற ஆண்டுதான் என் லைசென்ஸில் ஏறியது. அதன் வரிசை எண் நான்கு லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது. என்னிடம் ஏற்கெனவே ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருப்பதால், 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி ஒருவருக்கு இரண்டுதான் என்ற வரம்பு எனக்கு நிறைந்துவிட்டது.

இப்போது சிக்கல் என்னவென்றால், தெரிந்த பெரியவர் ஒருவர் தம் துப்பாக்கியைக் கொடுத்துவிட நினைக்கிறார். அதுவும் மாடல் 70, அதுவும் .30-06, ஆனால் எழுபதுகளில் தயாரானது, வரிசை எண் ஜி என்ற எழுத்தில் தொடங்குகிறது. 1964-இல் இதன் வடிவத்தை மாற்றியதால், "64-க்கு முந்தியது தங்கம், பிந்தியது தகரம்" என்று டீலர் கடையில் காலங்காலமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டையும் சுடுதளத்தில் நூறு கஜத்தில் சுட்டுப் பார்த்தபோது, தாத்தாவின் துப்பாக்கி மூன்று தோட்டாக்களை மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான வட்டத்தில் போட்டது. பெரியவரின் 'தகரமோ' ஒன்றேகால் அங்குலத்தில் போட்டது. குறி மேலும் கீழுமாக அலைந்ததே தவிர, தாத்தாவின் துப்பாக்கியில் வேறு குறை எதுவும் தென்படவில்லை.

2022-இல் கேரள அரசு பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகு, எங்கள் பஞ்சாயத்தின் சுடுநர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. ஆகவே இது காட்சிப்பொருளாக இருக்கப்போவதில்லை. தாத்தாவின் துப்பாக்கிக்கு நல்ல விலை கொடுக்க ஒரு சேகரிப்பாளர் காத்திருக்கிறார். உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, தயாரிப்புக் காலத்தால் தரமும் குறியும் உண்மையில் எவ்வளவு மாறுகின்றன என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைவாசி எழுதியது:

நான்கு லட்சத்தைத் தாண்டிய எண் என்றால் 1950களின் பின்பாதியில் தயாரானது. 1936-இல் தொடங்கிய முதல் வரிசை 5,81,471-ஆம் எண்ணோடு 1963-இல் முடிகிறது. புதிய வடிவம் 7,00,000-இலிருந்து எண்ணப்பட்டது. இடைவெளி விட்டு எண்ணியதே, இது வேறு துப்பாக்கி என்று ஆலைக்காரர்களே ஒப்புக்கொண்டதுபோல எனக்குப் படுகிறது.

மாறியது என்ன என்பதைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்தால்தான் "தங்கம், தகரம்" என்ற பேச்சு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது விளங்கும். பழையதில், மவுசர் 98 என்ற ஜெர்மானிய ராணுவத் துப்பாக்கியின் வழியில், போல்ட்டின் (கையால் முன்னும் பின்னும் தள்ளித் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் தண்டின்) பக்கவாட்டில் நீண்ட எஃகுக் கொக்கி ஒன்று இருக்கும். மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் விளிம்பு அந்தக் கொக்கியின் கீழ் நுழைந்துகொள்ளும். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் போய்ச் சேரும்வரை தோட்டா போல்ட்டின் பிடியிலேயே இருக்கும். புதியதில் அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு, போல்ட் முகப்பிலேயே சிறிய எக்ஸ்ட்ராக்டரை (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கவ்வியை) வைத்தார்கள். போல்ட் தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். கைப்பிடியைத் திருப்பி மூடும் நேரத்தில்தான் எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைக் கவ்வும். காரணம் கூலிதான். பழைய வடிவத்தின் ஒவ்வொரு பாகத்தையும் கடைசல் இயந்திரங்களில் பல கட்டங்களாகக் குடைந்தெடுக்கத் தேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதே வேலையைச் செய்யும் துப்பாக்கியை ரெமிங்டன் 1948-இல் 721, 722 என்றும், 1962-இல் 700 என்றும் குறைந்த செலவில் செய்து விற்றுக்கொண்டிருந்தது.

1964-இல் வந்ததைப் பார்த்து ஏன் கூச்சல் எழுந்தது என்றால், மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையில் கையால் வெட்டிய சொரசொரப்புக்குப் பதில் அச்சால் அழுத்திய கோலம். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. போல்ட்டை இழுத்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து இறுகும். இந்தக் கடைசிக் குறையை 1968-இல் போல்ட்டுக்கு வழிகாட்டும் ஓர் அமைப்பைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். ஜி என்ற எழுத்தும் அந்த ஆண்டில்தான் வரிசை எண்ணின் முன்னால் சேர்ந்தது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கவிருப்பது, கெட்ட பெயரைச் சம்பாதித்த முதல் நான்கு ஆண்டுச் சரக்கு அன்று. திருந்திய பிறகு வந்தது. மரவேலையும் எழுபதுகளில் ஓரளவு தேறியது.

முந்தியவை அனைத்தும் ஒரே தரம் என்று நினைப்பதும் தவறு. போருக்கு முன் செய்தவற்றில் காணும் மெருகு அறுபதுகளின் தொடக்கத்தில் செய்தவற்றில் இல்லை; அதற்குள் ஆலையின் இயந்திரங்கள் தேய்ந்துபோயிருந்தன என்பது சேகரிப்பாளர்களின் பொதுவான கருத்து. அந்த வகையில் உங்கள் தாத்தாவுடையது நல்ல காலத்தைச் சேர்ந்தது.

ஆனால் நான் மேலே சொன்ன எதுவும் குறியின் நெருக்கத்தைப் பற்றியது அன்று என்பதைக் கவனியுங்கள். கொக்கி எப்படி இருந்தால் என்ன, தோட்டா அறைக்குள் அமர்ந்து போல்ட் பூட்டிய பிறகு அதற்கு வேலையில்லை. 1964-க்குப் பிறகு குழலைக் கட்டையில் படாமல் விட்டது, பார்வைக்கு அசிங்கமாக இருந்தாலும், குறிக்கு நல்லதாகவே முடிந்தது. வியட்நாமில் பழைய மாடல் 70-ஐ வைத்துச் சுட்ட அமெரிக்க மரைன் படையினரே 1966-இல் எம்40 என்று ஏற்றுக்கொண்டது, தள்ளும் வகையைச் சேர்ந்த ரெமிங்டன் 700-ஐத்தானே!

இஷாப்பூர் ரசிகன் (புளியரை) எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. என்னிடம் இருப்பது இஷாப்பூர் அரசு ஆலையில் செய்த .315 துப்பாக்கி. பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டின் போல்ட், பழைய ஆஸ்திரிய மான்லிச்சர் தோட்டாவின் வழிவந்த சரக்கு. நூறு கஜத்தில் மூன்று அங்குலத்துக்குக் குறைந்து அது சுட்டதே இல்லை. ஏலக்காட்டில் செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்போது, பன்றி கண்ணில் படுவதே முப்பது கஜத்தில். அந்தத் தூரத்தில் மூன்று அங்குலத் துப்பாக்கி ஓர் அங்குலத்துக்குள் போடும். பன்றிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நான் கேட்பது வேறு. .30-06 தோட்டா தடுப்பு இல்லாவிட்டால் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். சரிவின் கீழே தொழிலாளர் லயம் இருக்கிறது என்றால், எந்த ஆண்டுத் துப்பாக்கி என்பதைவிட, எந்தத் திசையில் சுடுகிறீர்கள், பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பல நேரங்களில் உங்களிடம் இருக்கும் பன்னிரண்டு போரே போதும்.

பழைய ஆர்மரர் (கூடலூர், தேனி) எழுதியது:

புளியரைத் தம்பி சொன்ன இரண்டாவது பத்தி நூற்றுக்கு நூறு சரி. முதல் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று அங்குலம் போதும் என்பதற்காக, மூன்று அங்குலம் ஏன் வருகிறது என்று பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. நேற்று மூன்றாக இருந்தது அடுத்த மழைக்குப் பிறகு ஆறாகும்.

ஏலக்காட்டான் தம்பிக்குச் சில கேள்விகள். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே பெட்டித் தோட்டாவைத்தான் பயன்படுத்தினீர்களா? இரண்டிலும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இருந்ததா? குறி அலைந்தது மேலும் கீழுமாக என்றீர்கள்; முதல் தோட்டா கீழேயும் அடுத்தடுத்தவை மேலேயும் ஏறினவா, அல்லது ஒழுங்கில்லாமல் விழுந்தனவா? தாத்தா காலத்தில் துப்பாக்கி எங்கே மாட்டப்பட்டிருந்தது?

ஏலக்காட்டான் எழுதியது:

ஐயா, கேட்டபிறகுதான் உறைக்கிறது. தாத்தாவின் துப்பாக்கிக்கு, அதனுடன் டீலரிடம் வைப்பில் இருந்த பழைய தோட்டாக்களைப் பயன்படுத்தினேன். பெரியவர் தம்மிடமிருந்த புதிய பெட்டியை உடைத்தார். அவருடையதில் நான்கு மடங்கு ஸ்கோப் இருக்கிறது. தாத்தாவுடையதில் குழல்மேல் உள்ள இரும்புக் குறிகள் மட்டுமே. தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறியது உண்மை. துப்பாக்கி, ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அறையின் சுவரில்தான் பல ஆண்டுகள் தொங்கியதாக அப்பா சொல்கிறார். ஸ்டோரின் சூட்டில் துரு ஏறாது என்பது தாத்தாவின் கணக்காம். டீலரிடமிருந்து வந்த பிறகு நானும் அதே அறையில்தான் இரும்பு அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

பழைய ஆர்மரர் எழுதியது:

அப்படியென்றால் நீங்கள் ஒப்பிட்டது இரண்டு துப்பாக்கிகளை அன்று. பழைய தோட்டாவையும் புதிய தோட்டாவையும், இரும்புக் குறியையும் கண்ணாடியையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரும்புக் குறியை வைத்துக்கொண்டு நூறு கஜத்தில் மூன்று அங்குலம் போட்ட கையை நான் பாராட்டுகிறேன்.

மூன்று தோட்டாக்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் ஆபத்து. ஒரே துப்பாக்கியில், ஒரே கையால் சுட்டாலும், மூன்று தோட்டா வட்டம் சராசரியாகப் பத்துத் தோட்டா வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் வரும். அதுவும் ஒரு முறை ஓர் அங்குலம், மறுமுறை இரண்டரை என்று தாவும். பெரியவரின் ஒன்றேகால் அங்குலம் நல்ல நாளில் விழுந்ததாகக்கூட இருக்கலாம்.

இனி ஸ்டோர் அறைக்கு வருகிறேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் மலையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும்; பறிப்புக் காலத்தில் ஸ்டோரின் சூட்டில் காய்ந்து சுருங்கும். இப்படி நீர்ப்பதமும் சூடும் மாறிமாறிப் பட்ட வால்நட் கட்டை ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளாவிட்டால்தான் வியப்பு. உங்கள் காலத்து மாடல் 70-இல் குழலின் நடுவே, பின்குறி அமர்ந்திருக்கும் இடத்தில், ஒரு தடிப்பு இருக்கும். கட்டையின் முன்பகுதியிலிருந்து ஒரு திருகு நேராக அந்தத் தடிப்புக்குள் ஏறிக் குழலைக் கட்டையோடு பிணைக்கும். கட்டை முறுக்கிக்கொண்டால் இந்தத் திருகு குழலையும் சேர்த்து இழுக்கும். குழல் சூடேறச் சூடேற அந்த இழுப்பு மாறும். தோட்டா ஒவ்வொன்றாக மேலே ஏறும். நீங்கள் கண்டது இதுதான் என்று எழுதியே கொடுப்பேன். 1964-க்குப் பிறகு இந்தத் திருகையே எடுத்துவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறை நண்பர் சொன்ன அந்த அசிங்கமான இடைவெளியின் பலன் இது.

செய்ய வேண்டியது எளிது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பொருத்தமான முனையுள்ள திருப்புளியால் (பொருந்தாத திருப்புளியால் திருகின் தலையைக் கெடுத்தால் சேகரிப்பாளர் பாதி விலைதான் தருவார்) முன்கட்டைத் திருகை மெல்லத் தளர்த்துங்கள். இன்னொரு கையால் குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்திருங்கள். தளரும்போது குழல் நகர்வது விரலுக்குத் தெரிந்தால் நோய் அங்கேதான். பிறகு மேகசினுக்கு முன்னால் உள்ள திருகையும் கடைசித் திருகையும் நன்றாக முடுக்குங்கள். நடுவில் உள்ளதைத் தொட்டும் தொடாமலும் முடுக்கினால் போதும். அதை இறுக்கினால் துப்பாக்கியின் உலோக உடல் வளையும். முன்கட்டைத் திருகையும் விரல் வலுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய தோட்டாக்களை இனிச் சுட வேண்டாம். அந்தக் காலத்து ராணுவச் சரக்காக இருந்தால் கேப்பில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் குமிழில்) உள்ள உப்பு குழலுக்குள் தங்கி, மலை ஈரத்தில் ஓரிரு நாளில் துருவாகப் பூக்கும். ஏற்கெனவே சுட்டுவிட்டீர்கள், ஆகவே இன்றே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, துணியால் உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் மட்டும் அந்த உப்பைக் கரைக்காது.

கொழிஞ்சாம்பாறைவாசி எழுதியது:

ஆர்மரர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஐம்பதுகளின் மாடல் 70-இல் ஸ்கோப்புக்கான துளைகளை ஆலையிலேயே இட்டிருப்பார்கள். யாரோ ஒரு பட்டறையில் கொடுத்துப் புதிதாகத் துளை போட்டுவிடாதீர்கள்.

நான் பழையதன் பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். தோட்டாவின் அடிப்பாகம் வெடித்துப் புகை பின்னால் வந்தால், பழையதைவிட எழுபதுகளின் போல்ட் பாதுகாப்பானது. அதன் முகப்பு தோட்டாவின் அடியை வளையம்போல முழுவதும் சூழ்ந்திருக்கும். பழையதில் கொக்கிக்காக ஒருபக்கம் திறந்திருக்கும். ட்ரிகர் இரண்டிலும் ஒன்றே. திறந்த அமைப்பு, சேறோ தூசியோ உள்ளே தங்காது. 2008-இல் தென் கரோலினாவில் மீண்டும் தயாரிப்பைத் தொடங்கியபோதுதான் அதை மாற்றினார்கள்.

பழைய கொக்கியையும் அவர்களே 1990களின் தொடக்கத்தில் 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது அதைக் குடைந்தெடுக்கக் கணினி இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் 2006-இல் நியூ ஹேவன் ஆலை மூடப்படும்வரை வந்த கிளாசிக்குகளில் ஒன்று அருமையாகவும், அடுத்தது முரடாகவும் இருக்கும். கொக்கி இருந்துவிட்டாலே ஐம்பதுகளின் தரம் வந்துவிடாது.

ஏலக்காட்டான் எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

ஐயா சொன்னபடி முன்கட்டைத் திருகைத் தளர்த்தினேன். ஏறக்குறைய முக்கால் சுற்றில், குழல் 'டொக்' என்று வலப்பக்கம் நகர்ந்ததை என் மனைவியே தள்ளி நின்று கேட்டார். குழலைச் சுத்தம் செய்யும்போது துணி பல நாள்கள் பச்சையாகவே வந்தது; தாத்தா காலத்துச் செம்பு முழுவதும் உள்ளே படிந்திருந்திருக்கிறது. வெந்நீர்க் கழுவலையும் செய்தேன், துரு இல்லை.

பிறகு பெரியவரையும் அழைத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனேன். இந்த முறை ஒரே பெட்டித் தோட்டா, இரண்டுக்கும் ஸ்கோப், ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா. ஆண்டுக்கான தோட்டா ஒதுக்கீட்டில் பெரும்பங்கு அன்றே தீர்ந்தது. தாத்தாவுடையது இரண்டரை அங்குலம். பெரியவருடையது இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். தோட்டாக்கள் மேலே ஏறவில்லை. ஒன்றேகால் அங்குலத்தைப் பெரியவராலேயே மறுபடியும் காட்ட முடியவில்லை. அதற்காக அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது.

அதன்பின் வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களை மேகசினில் இட்டு, இருட்டில் அவசரத்தில் செய்வதுபோல, போல்ட்டைப் பாதி தள்ளிப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் தள்ளிப் பார்த்தோம். எழுபதுகளின் துப்பாக்கியில் முதல் தோட்டா அறையின் வாயில் கிடக்க, இரண்டாவது அதன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. தாத்தாவுடையதில் கொக்கி முதல் தோட்டாவை விடாமல் பின்னுக்கே இழுத்து வெளியே போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டது. ஐந்து முறை செய்தும் அப்படியே. பயின்ற கை போல்ட்டைப் பாதியில் நிறுத்தாது என்று பெரியவர் சொன்னார். காயம்பட்ட பன்றி செடிக்குள்ளிருந்து திரும்பி வரும்போது என் கை எவ்வளவு பயின்றதாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சேகரிப்பாளரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். துப்பாக்கி அலமாரியை ஸ்டோர் அறையிலிருந்து பங்களாவின் நடு அறைக்கு மாற்றியாகிவிட்டது. முன்கட்டைத் திருகு இப்போது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

பழைய ஆர்மரர் எழுதியது:

நல்லது தம்பி. இடவப்பாதி பிடித்துப் பத்து நாள் கழித்து அந்தப் பென்சில் கோட்டை ஒருமுறை பாருங்கள். திருகு அங்கேயே நிற்கும், கட்டைதான் நகர்ந்திருக்கும். அப்போது மறுபடியும் தளர்த்தி, விரல் வலுவுக்கு முடுக்குங்கள். பறிப்பு முடிந்து மழை விட்டதும் இன்னொரு முறை.